‘ம்’ என்பது பதில் இல்லை

லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி, அது ஓடுகிற இருட்டுக் குழிக்குள் நிற்பார். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். உள்ளே நிற்பவர் “கொஞ்சம் கீழே” என்று சொன்னால், மேலே இருப்பவர் “கொஞ்சம் கீழே” என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் பெட்டி நகரலாம். திருப்பிச் சொல்லாதவரை யாரும் எதிலும் கை வைக்கக்கூடாது.

மற்ற மெக்கானிக்குகள் இந்த விதியைச் சட்டையோடு கழற்றிப் பணிமனையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். என் அறைத்தோழன் மட்டும் அதை மாட்டிக்கொண்டே ஊர் சுற்றினான்.

அவனுக்குப் பணிமனையில் வைத்த பெயர் கயிறு. ஆள் ஒல்லி, அதோடு லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளைத் தடவிப் பார்த்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பெயர்தான் கயிறு, கயிறு திரிக்க மட்டும் தெரியாது. டீக்கடையில் “ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அதை வாயால் திருப்பிச் சொல்லும்வரை அப்படியே நிற்பான். புதிதாக வந்த கடைக்காரர்கள் இவனுக்குக் காது மந்தம் என்று நினைத்து இரண்டு மடங்கு சத்தமாகக் கத்துவார்கள். பழைய கடைக்காரர் இவன் தலை தெரிந்ததுமே, “ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம, போதுமாடா சாமி” என்று தானே சொல்லிவிடுவார்.

சிரிப்பாக இருந்தாலும் அதற்குக் காரணம் உண்டு. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டாளி மேலிருந்து வந்த ‘ம்’ என்ற சத்தத்தைத் தனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குள் கையை நீட்டினார். மேலே இருந்தவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டு ‘ம்’ கொட்டியிருக்கிறார். விரல்கள் போய்விட்டன. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவன் கயிறு. அன்றிலிருந்து அவன் அகராதியில் ‘ம்’ என்று ஒரு சொல் கிடையாது.

நான் அதே கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறேன். தொலைபேசியை எடுத்து, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது என்று கேட்டு ஆட்களை அனுப்புவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் கயிறு என்னை ‘டிகிரி’ என்று கூப்பிடுவான். கேலிக்குத்தான் கூப்பிட்டான். எனக்கோ அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் தலை நிமிர்ந்தே திரும்புவேன். எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ரொட்டிக் கடையின் சுவர். காற்று வராது, வாசனை மட்டும் வரும்.

கயிற்றின் அப்பா அவன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறை. அந்த அறையில் ஒரு நாற்காலி கூட இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு நாற்காலி வரப்போகிறது.

அவனுடைய கதை தொடங்கியதும் என் மேசையில் அடித்த ஒரு தொலைபேசியில்தான். ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பெரிய குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஓர் ஆள் என்றார்கள். உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் ஒரே மகன், அவரும் வக்கீல், கயிற்றின் வயதுதான். அவர்கள் வீட்டில் புத்தகத்துக்கென்றே ஓர் அறை உண்டு என்றும், அதற்குள் தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டும் என்றும் பின்னால் கயிறு சொன்னான்.

கூட்டாளியை மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு, கயிறு கதவுக்கு வெளியே நின்று உள்ளே குரல் கொடுத்திருக்கிறான்.

“சார், பயப்படாதீங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. கதவை விட்டுத் தள்ளி நிக்கிறேன்.”

“நீங்க எதுக்கு நிக்கணும்? நான்தானே நிக்கணும்.”

“அதைத்தான் சார் சொல்றேன். சொல்லுங்க.”

“கதவை விட்டுத் தள்ளி நிக்கிறேன்.”

“எதையும் பிடிச்சுத் தள்ள மாட்டேன்.”

“எதையும் பிடிச்சுத் தள்ள மாட்டேன். கோர்ட்டுல சத்தியம் வாங்கற மாதிரி இருக்கு.”

“அந்தக் கடைசி வரியை நான் சொல்லலையே சார்.”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததாம். பெட்டி தளத்துக்கு வந்து கதவு திறந்தபோது வக்கீல் வியர்வையில் நனைந்திருந்தார், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். பயந்தவர்களைத் தேற்றத்தான் இப்படிப் பேசச்சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு பின்னால் அவரைக் கவிழ்த்தது.

அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. லிஃப்ட் ஆடுகிறது என்று ஒரு புகார். மூன்றாம் மாடி தாண்டும்போது ஏதோ சத்தம் என்று ஒரு புகார். விளக்கு மங்கல் என்று இன்னொன்று. எல்லாவற்றையும் சொல்வது ஒரே குரல். ஒருமுறை, பழுது என்ன சார் என்று கேட்டதற்கு, “ஏதோ ஒரு மாதிரியா இருக்கு” என்றார். லிஃப்டுக்கா உங்களுக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. புகார் பிரிவுக்காரன் கேட்கக்கூடாத கேள்வி என்பதால் விழுங்கினேன். கயிறு போய்ப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. ஆனால் திரும்பி வர நேரமாகும்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றான்.

“டிகிரி, எனக்கு அந்த வக்கீலைப் பிடிச்சிருக்கு. சும்மா பிடிக்கிறது இல்ல. திருப்பிச் சொல்லு.”

வாயில் நுரையோடு, “உனக்கு அந்த வக்கீலைப் பிடிச்சிருக்கு, சும்மா பிடிக்கிறது இல்ல” என்றேன்.

“அவ்வளவுதான். போய்க் குளி.”

ஓர் ஆணுக்கு ஓர் ஆணைப் பிடிப்பது எனக்கு அன்று புதிய செய்திதான். குளித்து முடிப்பதற்குள் அது பழகிவிட்டது. கயிற்றுக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்தவனுக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு நம்மைப் போன்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வந்தால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். படித்து வந்த வழியெல்லாம் அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் நான்.

வக்கீல் எங்கள் அறைக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் கட்டிலின் விளிம்பில், பரீட்சைக்கு வந்தவர் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ரொட்டி வாசனை வந்ததும், “இதுக்குத் தனியா வாடகை கேக்கலையா?” என்றார். நான் சிரித்துவிட்டேன், சிரித்ததற்காக என் மேலேயே கோபப்பட்டேன். கயிறு அவரை முதலில் ‘சார்’ என்றான், பிறகு ‘நீங்க’ என்றான், ஒருநாள் ‘நீ’ என்றான். அந்த ‘நீ’யைக் கேட்டபோது வக்கீலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கில் ஜெயித்தால் கூட ஒருவர் அப்படி ஆகமாட்டார்.

அந்த நாட்களில் கயிறு மகிழ்ச்சியோடு ஒரு விஷயம் சொன்னான். நீதிபதி வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு டீ உண்டு. பேப்பர் கப்பில், வாசலுக்கு வெளியே, படிக்கட்டில். ஒருநாள் வக்கீலும் தனக்கு ஒரு பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாராம்.

“நல்லது. அவர் கப்பை எடுத்துக்கிட்டு வெளிய வந்தார். உன்னை உள்ள கூப்பிட்டாரா?” என்றேன்.

கயிறு கட்டிலில் சாய்ந்தான். இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்ப்பது போல அந்தக் கேள்வியைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் முதலில் செய்தது தன் பக்கத்துக் கதவைத் திறந்ததுதான். அம்மாவிடம் போய்ச் சொன்னான். பெண் பார்க்கலாமா என்று பேச்செடுத்தவளிடம், வேண்டாம், எனக்கு ஒருவன் இருக்கிறான் என்று வளைக்காமல் நெளிக்காமல் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்து மறுபடி தண்ணீரில் போட்டாள். சில வாரம் மகனோடு பேச்சில்லை. பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

“அந்தப் பையன் நம்ம வீட்டுக்கு வந்தா உக்காருவானா?”

“உக்காருவான்மா.”

“எங்கடா உக்காருவான்? நாற்காலியே கிடையாதே.”

மறுநாள் கயிறு ஒரு நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வளாகத்தைக் கடந்து போனதைப் பணிமனையில் பாதிப் பேர் பார்த்தார்கள். வக்கீல் போய் அதில் உட்கார்ந்தார். அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரொம்ப மெலிவா இருக்கே தம்பி. உங்க வீட்டுல சோறு போடறாங்களா, சட்டம்தான் போடறாங்களா?” என்றாளாம்.

இனி அடுத்த பக்கத்துக் கதவு. ஒரு மாலையில், நீதிபதி வீட்டுக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருவரும் இருந்தார்கள். வேலை முடிந்திருந்தது. கீழே சாலையில் அலுவலகம் விட்டுப் போகிற கூட்டம். அங்கே நடந்ததை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகின்றன.

கயிறு சொன்னது இது. “பணிமனைக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியாகுது. ரெண்டு ரூம். நாம ஒரே வீட்டுல இருக்கலாம். ஒளிச்சு மறைச்சு வேண்டாம். உங்க அப்பாகிட்ட நீயே சொல்லணும்.”

வக்கீல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தோளில் தலையைச் சாய்த்தார். கண் கலங்கியிருந்தது என்று அவரே சொன்னார். பிறகு, “ம்” என்றார்.

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று பேசத் தொடங்கியிருப்பான். கயிறு காத்திருந்தான். டீக்கடையில் நிற்பதுபோல நின்றான். வேறு சொல் எதுவும் வரவில்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, படிக்கட்டு வழியாகவே இறங்கி வந்துவிட்டான். மறுநாள் மேலாளரிடம் சொல்லி, ஊரின் மறுகோடியில் இருக்கும் கட்டடங்களுக்கு வேலையை மாற்றிக்கொண்டான்.

வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். கயிறு எடுக்காமல் இல்லை. எடுத்து, “சொல்லுங்க சார்” என்றான். அந்த ‘சார்’ ஒன்று போதாதா? அவர் தொலைபேசியை வைத்துவிடுவார். இவன் சாப்பிட மாட்டான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பான். எனக்கோ உள்ளுக்குள், நான் அப்போதே நினைத்தேன் என்ற எண்ணம். ஆனால் நினைத்தது பலித்ததில் ஒரு துளிகூடச் சந்தோஷம் இல்லை.

ஒரு மதியம் வக்கீல் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு கட்டுக் காகிதம், நீதிமன்றத்திலிருந்து நேராக வந்த கோலம். என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“புகாரா சார்?” என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான்.

“ஆமா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு யாராவது சொல்லணும். அவன் கேட்டான், நான் சரின்னேன். மறுநாள்லேர்ந்து ஆளைக் காணோம். பெரிய இடமே வேண்டாம்னு நினைச்சுட்டானா?”

“சரின்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அந்த வார்த்தையைச் சொன்னீங்களா? வாயைத் திறந்து?”

அவர் யோசித்தார். “ம்-னு சொன்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் விளங்கிவிட்டது. உட்காரச்சொல்லி, மோட்டார் அறை, இருட்டுக் குழி, கூட்டாளியின் விரல்கள், டீக்கடை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்கக் கேட்க நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“ம்-னா ஆமான்னுதானேப்பா அர்த்தம்? ஊர்ல எல்லாருக்கும் அதுதானே?”

“எல்லாருக்கும் அதுதான் சார். அவனுக்கு மட்டும், கையை வைக்காதேன்னு அர்த்தம். நான் ஒண்ணு கேக்கறேன். கோர்ட்டுல மணிக்கணக்கா பேசறவர், அன்னிக்கு ஏன் முழுசா ஒரு வார்த்தை பேசல?”

அடுத்த மேசையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

“பயம்,” என்றார். “அவன்மேல ஆசை இருந்துச்சு. அப்பாமேல பயமும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தா வாயில அந்த ஒரு எழுத்துதான் வருது.”

“அப்போ அவன் நிறுத்துனது தப்பில்ல சார்.”

“தப்பில்ல,” என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு முதல்முறையாக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பணக்காரர்கள் பொய் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், பயத்தை ஒப்புக்கொண்டு கேட்டதில்லை.

ஒரு வாரம் கழிந்திருக்கும். ஆற்றங்கரைச் சாலையிலிருந்து புகார் வந்தது. லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கிறது, இந்த முறை நிஜமாகவே, உள்ளே நீதிபதி. ஆள் மாட்டிக்கொண்டால் பகுதி எல்லையெல்லாம் பார்ப்பதில்லை, பக்கத்தில் எந்த ஜோடி இருக்கிறதோ அதுதான் போக வேண்டும். அன்று உதிரிச் சாமான் வாங்க அந்தப் பக்கம் வந்திருந்ததால், பக்கத்தில் இருந்தது கயிறும் அவன் கூட்டாளியும். சொன்னதும் கயிறு, “வேற ஆளே இல்லையா?” என்றான். “உள்ள வயசானவர் இருக்காரு” என்றேன். “உள்ள வயசானவர் இருக்காரு” என்று திருப்பிச் சொன்னான். அதற்கு மேல் அவன் மறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் மாடிக் கதவுக்கு வெளியே வக்கீல் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிறு கதவருகே குனிந்தான்.

“ஐயா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. கதவை விட்டுத் தள்ளி நிக்கிறேன்.”

“நான் ஏன்யா திருப்பிச் சொல்லணும்? நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?”

“சொல்லாட்டி பெட்டியை நகர்த்த மாட்டேன் ஐயா.”

“ம், ம். தள்ளித்தான் நிக்கிறேன்.”

“அப்படி இல்ல ஐயா. முழுசா.”

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் தெளிவாகப் பேசு, தெளிவாகப் பேசு என்று அதட்டியவர் உள்ளே தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, தீர்ப்பு வாசிக்கிற குரலில், “கதவை விட்டுத் தள்ளி நிக்கிறேன்” என்றார். கயிறு மொட்டைமாடிக்கு, “கொஞ்சம் மேலே” என்று குரல் கொடுத்தான். மாடியிலிருந்து அதே சொல் திரும்பி வந்தது. பெட்டி அங்குலம் அங்குலமாக ஏறித் தளத்தோடு சமமாக நின்றது. வக்கீல் இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. நீதிபதி கையில் மருந்துப் பையோடு வெளியே வந்தார். கயிறு சாமான்களைப் பையில் போடத் தொடங்கினான். அப்போதுதான் வக்கீல் பேசினார்.

“அன்னிக்கு மாடியில நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு.”

கயிறு நீதிபதியைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான். “இங்கயா?”

“இங்கதான்.”

“நாம ஒரே வீட்டுல இருக்கலாம்.”

“நாம ஒரே வீட்டுல இருக்கலாம்.”

“ஒளிச்சு மறைச்சு வேண்டாம்.”

“ஒளிச்சு மறைச்சு வேண்டாம்.”

“உங்க அப்பாகிட்ட நீயே சொல்லணும்.”

வக்கீல் இங்கும் ஒரு சொல்லையும் விழுங்கவில்லையாம். “எங்க அப்பாகிட்ட நானே சொல்லணும்” என்று முடித்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார். “அப்பா, இவன்தான். இவனோடதான் நான் இருக்கப்போறேன். உங்களுக்குப் பிடிக்காம போகலாம். ஆனா என் வாயால நீங்க கேக்கணும்.”

நீதிபதி மகனைப் பார்த்தார். சட்டையில் கிரீஸ் கறையோடு நிற்கிற இவனைப் பார்த்தார். மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “ம்” என்றார். வீட்டுக்குப் போகப் படியேறினார், மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வக்கீல், “என்னடா சொல்லிட்டுப் போறாரு? சரின்னா, இல்லைன்னா?” என்று கேட்டிருக்கிறார்.

“அது பதில் இல்ல,” என்றான் கயிறு. “காத்திருக்கலாம். நீ பையோட அந்தப் பக்கத்தைப் பிடி, கனமா இருக்கு.”

அந்த மாதமே பணிமனைக்குப் பக்கத்து வீட்டுக்கு இருவரும் குடிபோனார்கள். அம்மாள் வந்து, நாற்காலியைத் தன் வீட்டிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் போட்டுவிட்டு, இனிமேல் தம்பி உட்கார இது இங்கேதான் வேண்டும் என்றாள். பணிமனையில் இரண்டொருவர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கயிறு அவர்களிடம் நேராகப் போய், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். முகத்துக்கு முன்னால் யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு அறை முழுவதும் கிடைத்தது. ரொட்டி வாசனையைத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் கிடக்கிறேன். நீதிபதி வரவில்லை, கூப்பிடவும் இல்லை. வக்கீல் தினமும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பார், அதிலேயே வருத்தம் தெரியும்.

மழை தொடங்கிய சமயம் என் மேசையில் தொலைபேசி அடித்தது. வயதான குரல், தெளிவான குரல்.

“ஆற்றங்கரைச் சாலைலேர்ந்து பேசறேன். லிஃப்ட் லேசா ஆடுது.”

“ஆள் அனுப்பறேன் ஐயா.”

“அந்தப் பையனையே அனுப்புங்க.”

அது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கயிற்றோடு இத்தனை நாள் குடியிருந்தவன் அல்லவா நான்? “அந்தப் பையனையே அனுப்பணும்” என்று திருப்பிச் சொன்னேன்.

“ம்” என்று ஏதோ தொடங்கி, அவரே அதை நிறுத்தினார். “ஆமா. அந்தப் பையனையே அனுப்புங்க,” என்றார் முழுதாக.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கயிறு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். வக்கீல் பக்கத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார், கேட்கப் பயந்துகொண்டு. நான்தான் கேட்டேன்.

“லிஃப்ட் ஆடுச்சா?”

“ஆடல. ஒரு குறையும் இல்ல.”

“பின்ன என்ன நடந்துச்சு?”

“டீ குடுத்தாரு.”

“படிக்கட்டுலயா?”

கயிறு துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். “இல்ல. உள்ள. அந்தப் புத்தக ரூம்ல. பீங்கான் கப்புல,” என்றான். பிறகு வக்கீலைப் பார்த்து, “ஞாயித்துக்கிழமை உன்னையும் கூட்டிட்டு வரச்சொன்னாரு. நான் திருப்பிச் சொல்லிட்டேன்,” என்றான்.